பின்பக்கம் பார்க்கவும்

1983 செப்டம்பர் 1 அன்று, நியூயார்க்கிலிருந்து சியோலுக்குப் போய்க்கொண்டிருந்த கொரியன் ஏர்லைன்ஸ் விமானம் வழிதவறி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்தது. போர் விமானம் ஒன்று அதைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் மாண்டனர். குடும்பத்தார் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனபோது, நீதிபதிகள் முன்னால் இருந்த கேள்வி டிக்கெட்டில் எழுத்து எவ்வளவு பெரிதாக அச்சாகியிருந்தது என்பதுதான். உயிரிழப்புக்கு ஆளுக்கு 75,000 டாலருக்கு மேல் இழப்பீடு இல்லை என்ற அறிவிப்பை 10 பாயின்ட் எழுத்தில் அச்சிடுவதாக விமான நிறுவனங்கள் 1966-இல் ஒப்புக்கொண்டிருந்தன. இந்த டிக்கெட்டில் அது 8 பாயின்டில் இருந்தது. அந்த இரண்டு பாயின்டுக்காக உச்சவரம்பு செல்லாமல் போகுமா? போகாது என்று 1989-இல் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளும் முடிவில் ஒத்துப்போனார்கள். காரணத்தில்தான் ஐந்துக்கு நான்கு என்று பிரிந்தார்கள். அதே ஆண்டில் வாஷிங்டன் ஜூரி ஒன்று, விமானக் குழுவினர் செய்தது தெரிந்தே செய்த தவறு என்று முடிவு கட்டியது. அப்படிப்பட்ட தவறுக்கு, சர்வதேச விமானப் பயணத்துக்கான வார்சா ஒப்பந்தத்தில் உச்சவரம்பு கிடையாது. எழுத்தின் அளவை வைத்து உடைக்க முடியாத வரம்பு இந்த வழியில் உடைந்தது.

டிக்கெட்டின் பொடி எழுத்து, நம்மை ஏற்றிச் செல்பவரின் பொறுப்பைக் குறைக்குமா என்ற கேள்வியை நீதிமன்றங்கள் ஒன்றரை நூற்றாண்டாகப் புரட்டிப் பார்க்கின்றன. அவற்றுக்குப் பிடித்த கேள்வி, ‘பயணி அதைப் பார்த்தாரா, பார்க்கும்படி வைக்கப்பட்டிருந்ததா?’ என்பது. அதிகம் கேட்கப்பட்டதும் குறைவாகப் பயன்பட்டதும் அந்தக் கேள்விதான் என்பது என் கருத்து. பயணியின் உயிருக்கும் உடலுக்கும் பாதுகாப்பு வந்தது பெரும்பாலும் சட்டமன்றங்களின் வழியாக. பெட்டிக்கு அந்தப் பாதுகாப்பு அரைகுறையாகத்தான் வந்தது. எந்த ஊரில், எத்தனை நாளுக்குள் வழக்குப் போடலாம் என்ற விஷயத்திலோ பொடி எழுத்து இன்னமும் கொடிகட்டிப் பறக்கிறது.

பொடி எழுத்து ஏன் பிறந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். ஆங்கிலப் பொதுச் சட்டத்தில், கூலிக்குச் சரக்கு ஏற்றிச் செல்பவர் கிட்டத்தட்ட காப்பீடு செய்தவரைப் போலப் பொறுப்பாளி. இயற்கைச் சீற்றம், எதிரிப் படை போன்ற சில காரணங்களைத் தவிர வேறு சாக்குச் சொல்ல முடியாது. பயணிகள் விஷயத்தில் பொறுப்பு அவ்வளவு கடுமையானது அல்ல, கவனக்குறைவு இருந்தால்தான். குதிரை வண்டிக் கம்பெனிக்காரர்கள் இந்தச் சுமையைக் குறைக்கத் தங்கள் அலுவலகச் சுவரில் அறிவிப்புப் பலகை மாட்டினார்கள். 1830-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, வெறும் பலகை செல்லாது, தனி ஒப்பந்தம் இருந்தால் செல்லும் என்றது. பலகை செல்லாது என்றானதும் அதன் வாசகங்கள் பயணியின் கைக்குள் கொடுக்கப்படும் தாளுக்கு இடம்பெயர்ந்தன.

அந்தத் தாளோ மிகச் சிறியது. தாமஸ் எட்மண்ட்சன் வடிவமைத்த அட்டை டிக்கெட்டை ரயிலில் போன மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுமார் 57 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம், தடித்த அட்டை, கவுன்டரில் இரும்புக் கருவிக்குள் நுழைத்துத் தேதி அடிப்பார்கள். இந்தியாவில் கணினி வரும்வரை அது ஓடியது. புறப்படும் ஊர், சேரும் ஊர், வகுப்பு, கட்டணம் இவற்றுக்கே இடம் போதாத அட்டையில் நிபந்தனைகளை எங்கே அச்சிடுவது? முன்பக்கத்தில் ‘பின்பக்கம் பார்க்கவும்’. பின்பக்கத்தில் ‘கால அட்டவணை பார்க்கவும்’. அட்டையின் அளவு, சட்டத்தின் ஒரு பெரிய கிளையையே தீர்மானித்துவிட்டது.

1875-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபைக்கு வந்த வழக்கில் டப்ளினிலிருந்து வைட்ஹேவனுக்குப் போன நீராவிக் கப்பல் ஊழியர்களின் அலட்சியத்தால் விபத்துக்குள்ளானது. பயணி ஒருவரின் பெட்டி படுக்கை போயிற்று. எதற்கும் பொறுப்பில்லை என்று டிக்கெட்டின் பின்னால் இருந்தது. முன்னால் ஊர்ப் பெயர்கள் மட்டும், பின்னால் பார் என்றுகூட இல்லை. பயணி வென்றார். கம்பெனிகள் பாடம் கற்றுக்கொண்டன. முன்பக்கத்தில் இரண்டு வார்த்தை சேர்த்தால் போதும்!

இரண்டே ஆண்டில் பார்க்கர் வழக்கு வந்தது. லண்டன் சேரிங் கிராஸ் ரயில் நிலையத்தில் பை வைக்கும் அறையில் இரண்டு பென்ஸ் கொடுத்து ஒருவர் பையை ஒப்படைத்தார். பையின் மதிப்பு 24 பவுண்டு 10 ஷில்லிங். சீட்டின் பின்பக்கம் 10 பவுண்டுக்கு மேல் பொறுப்பில்லை என்றது. பை தொலைந்தது. சீட்டை ரசீது என்றுதான் நினைத்தேன், படிக்கவில்லை என்றார் அவர். மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த விதி இன்றும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. எழுத்து இருப்பதே தெரியாதவரை நிபந்தனை கட்டுப்படுத்தாது. நிபந்தனை இருப்பது தெரிந்தும் படிக்காமல் விட்டவரைக் கட்டுப்படுத்தும். எழுத்து தெரியும், நிபந்தனை என்று தெரியாது என்றால், கம்பெனி நியாயமான அளவுக்கு அறிவிப்புக் கொடுத்ததா என்று ஜூரி பார்க்க வேண்டும். அமர்வில் இருந்த பிராம்வெல் மட்டும் வேறொரு நூலைப் பிடித்தார்: படிக்காமல் வாங்குகிறவர், இதில் அநியாயமான நிபந்தனை இருக்காது என்ற நம்பிக்கையில்தான் வாங்குகிறார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போயிருந்தால் சட்டம் நூறு ஆண்டு முன்னதாகவே சரியான இடத்துக்கு வந்திருக்கும். யாரும் போகவில்லை. ‘பார்த்தாரா’ என்ற கேள்வி வென்றது.

அது எங்கெல்லாம் இழுத்துக்கொண்டு போனது என்பதற்கு இரண்டு உதாரணம். 1894 வழக்கில் பிலடெல்பியாவிலிருந்து லிவர்பூலுக்கு அடித்தட்டு வகுப்பில் வந்த பெண்ணுக்கு மடித்த டிக்கெட் கொடுத்தார்கள். 100 டாலர் வரம்பு உள்ளே பொடி எழுத்தில். அதன் மேலே சிவப்பு மை முத்திரை விழுந்து சில வரிகள் மறைந்தும் போயிருந்தன. அந்த வகுப்பில் வருகிறவர்களில் எழுத்தறிவில்லாதவர்கள் இருப்பார்கள் என்பதும் கணக்கில் வந்தது. பயணி வென்றார். 1930 வழக்கில், லங்காஷயரின் டார்வெனிலிருந்து மான்செஸ்டருக்குப் போய்வர எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்மணிக்கு உறவுக்காரப் பெண் 2 ஷில்லிங் 7 பென்ஸுக்குச் சலுகை டிக்கெட் வாங்கிக் கொடுத்தாள். முன்பக்கம் பின்பக்கத்தைக் காட்டியது. பின்பக்கம் கால அட்டவணைப் புத்தகத்தைக் காட்டியது. அந்தப் புத்தகம் தனியாக 6 பென்ஸ், அதாவது டிக்கெட் விலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நிபந்தனை இருந்தது அதன் 552-ஆம் பக்கத்தில். ரயில் பிளாட்பாரத்தைத் தாண்டி நின்றதால் இறங்கும்போது சறுக்கி விழுந்து காயம். ஜூரி அந்தப் பெண்மணி பக்கம் நின்றும், நீதிமன்றம் ரயில்வே பக்கம் தீர்ப்பளித்தது. எழுத்தறிவின்மை ஒரு சாக்கு ஆகாதாம். மடிந்திருந்த டிக்கெட்டில் முத்திரை விழுந்திருந்தால் பிழைத்திருப்பார் போலும்.

ஒரே கோட்பாட்டிலிருந்து இப்படி எதிரெதிரான தீர்ப்புகள் வந்ததற்குக் காரணம் கோட்பாடே. டிக்கெட்டை யாரும் படிப்பதில்லை. படித்தாலும் கவுன்டரில் நின்று ‘நாலாவது நிபந்தனையை எடுத்துவிடுங்கள்’ என்று பேரம் பேச முடியாது. பின்னால் நிற்பவர் விடமாட்டார். பேசவே முடியாத ஒரு விஷயத்தில் சம்மதம் இருந்ததா என்று தேடினால், விடை எழுத்தின் அளவிலும் மையின் நிறத்திலும்தான் தொங்கும்.

இதைச் சுற்றி வளைத்துச் சொன்னவர் நீதிபதி டென்னிங் பிரபு. 1971-இல் தீர்ப்பான வழக்கில் லண்டன் ஷூ லேன் கார் நிறுத்தத்தில் எக்காளம் வாசிக்கும் இசைக் கலைஞர் ஒருவர் காயமடைந்தார். வாயிலில் இருந்த இயந்திரம் நீட்டிய சீட்டு, உள்ளே ஒட்டியிருக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்றது. இயந்திரத்திடம் வாதாட முடியாது, திட்டினாலும் அது அசையாது என்று டென்னிங் தன் பாணியில் எழுதினார். கார் நுழைந்து சீட்டு வெளியே வந்தபோதே ஒப்பந்தம் முழுமையாகிவிட்டது. பிறகு வரும் நிபந்தனை செல்லாது. நல்ல முடிவுதான். ஆனால் இதே தர்க்கத்தை ரயில் கவுன்டருக்கும் நீட்டினால் நூறு வருடத் தீர்ப்புகள் அத்தனையும் சரிய வேண்டும்; பணம் கட்டும் முன்பே டிக்கெட்டைக் கையில் கொடுத்தவர் எங்கே இருந்தார்?

சிக்கலை அவிழ்த்தது நாடாளுமன்றம். பிரிட்டனில் 1930-இல் பேருந்துகளுக்கும், 1962-இல் ரயில்வேக்கும், பயணியின் உயிருக்கும் உடலுக்குமான பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாசகம் செல்லாது என்று சட்டமானது. 1977-இல் வந்த நியாயமற்ற ஒப்பந்த வாசகங்கள் சட்டம், கவனக்குறைவால் உயிர்போவதையும் காயத்தையும் பொறுத்தவரை எந்த வணிக ஒப்பந்தமானாலும் சரி, எந்த அறிவிப்பானாலும் சரி, பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று கதவை அடைத்தது. 10 பாயின்டா 8 பாயின்டா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

கப்பலில் கதை கொஞ்சம் சுவையானது. ‘ஹிமாலயா’ என்ற பி அண்ட் ஓ கப்பலில் முதல் வகுப்பில் போன ஒரு பெண் ட்ரியெஸ்ட் துறைமுகத்தில் ஏறுபாலம் அசைந்து 16 அடி கீழே விழுந்தார். டிக்கெட்டின் வாசகம் கம்பெனியை முழுக்கக் காப்பாற்றியது. வழக்கறிஞர்கள் சளைக்கவில்லை, கப்பல் தலைவன் மீதும் தளப் பணியாளர்களின் மேற்பார்வையாளர் மீதும் வழக்குப் போட்டார்கள். ஒப்பந்தம் கம்பெனியோடு, ஊழியரோடு அல்லவே! 1954-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. அடுத்த சில ஆண்டுகளில் உலகெங்கும் சரக்கு ஆவணங்களில் ‘இந்தப் பாதுகாப்பு எங்கள் ஊழியருக்கும் உண்டு’ என்ற வாசகம் சேர்ந்தது. கப்பல் தொழிலில் இன்றுவரை அதற்குப் பெயர் ஹிமாலயா வாசகம். ஒரு ஓட்டையை நீதிமன்றம் திறந்தால் அடுத்த பதிப்பில் அச்சகம் அதை அடைத்துவிடும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1873-லேயே, மாடுகளோடு ரயிலில் இலவச அனுமதிச்சீட்டில் போன ஒரு வியாபாரியின் வழக்கில், பொதுப் போக்குவரத்து நிறுவனம் தன் கவனக்குறைவுக்கே விலக்கு எழுதிக்கொள்ள முடியாது என்றது. ‘மாரோ காஸில்’ கப்பல் தீப்பற்றி 1934-இல் பலர் இறந்த பின், 1936-இல் வந்த சட்டம் கப்பல் டிக்கெட்டுக்கும் அதைத் தெளிவாக நீட்டியது. கம்பெனிகள் வேறு பக்கம் திரும்பின. 1991-இல் கார்னிவல் க்ரூஸ் வழக்கு அதன் அடையாளம். வாஷிங்டன் மாநிலத் தம்பதி உள்ளூர் முகவரிடம் பணம் கட்டினார்கள். பிறகு டிக்கெட் தபாலில் வந்தது. மெக்சிகோ கடற்கரைக்கு அப்பால் கப்பல் தளத்தில் மனைவி வழுக்கி விழுந்தார். வழக்கில் சிக்கலான வாசகம் இழப்பீட்டுத் தொகையைக் குறைக்கவில்லை. வழக்கை ஃபுளோரிடாவில்தான் போட வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அது செல்லும் என்றது. எதிர்த்து எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் டிக்கெட்டின் நகலையே தீர்ப்போடு இணைத்தார். 25 எண்ணிட்ட பத்திகளில் எட்டாவதாக அந்த வாசகம் இருந்தது. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருப்பவர் தென்கிழக்கு மூலையில் போய் வழக்கு நடத்துவதென்றால், சிறு காயத்துக்கு யார் போவார்? தொகையைக் குறைக்காமலே பொறுப்பு குறைந்துவிடுகிறது. காயத்துக்கு ஆறு மாதத்துக்குள் அறிவிப்பு, ஓராண்டுக்குள் வழக்கு என்று கெடு வைக்கவும் அந்நாட்டுக் கப்பல் சட்டம் இடம் தருகிறது.

இந்தியாவுக்கு வந்தால், முதலில் ஒரு கசப்பு. 1953 டிசம்பரில் நாக்பூர் அருகே இந்தியன் ஏர்லைன்ஸின் டகோட்டா விமானம் விழுந்தது. இறந்த பயணி ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கில் கீழ் அமர்வு இழப்பீடு தந்தது. 1960-களின் முற்பாதியில் கல்கத்தா உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டில் அதை ரத்து செய்தது. டிக்கெட்டில் இருந்த விலக்கு வாசகம் செல்லும், கவனக்குறைவு இருந்தாலும் வழக்கே கிடையாது என்றது. ஏறத்தாழ அதே காலத்தில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு சலவைக் கடை ரசீது வந்தது. துணி தொலைந்தால் மதிப்பில் 15 சதவீதம்தான் தருவோம் என்று பின்னால் அச்சிட்டிருந்தார்கள். தொலைந்தது ஒரு புதுச் சேலை. அதை ஒப்புக்கொண்டால், கடைக்காரர் வாடிக்கையாளரின் துணியைத் ‘தொலைத்து’ பதினைந்து சதவீத விலைக்குத் தானே எடுத்துக்கொள்ளலாமே என்று நீதிமன்றம் கேட்டது. ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின் கீழ் பொது நலனுக்கு விரோதம், செல்லாது. இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அன்றைய இந்தியாவில் ஒரு மனித உயிரைவிடச் சேலைக்குப் பாதுகாப்பு அதிகம். சென்னை எழுத்தின் அளவை அளக்கவில்லை. நிபந்தனையின் நியாயத்தை அளந்தது. பிராம்வெல் விட்ட நூல் அதுதான்.

இன்று நிலைமை மாறிவிட்டது, பெரும்பாலும் சட்டத்தால். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு, அனுமதி பெற்ற வாகனத்தில் பயணியின் மரணத்துக்கோ காயத்துக்கோ உள்ள பொறுப்பை மறுக்கும், குறைக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் அது பொருந்தும். ஆக ஆம்னி பஸ் டிக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் உடல் காயத்துக்கு அது வெற்றுத் தாள். ரயிலில் 1989 சட்டத்தின் 124, 124-ஏ பிரிவுகளின்படி ரயில்வேயின் தவறை நிரூபிக்கவே தேவையில்லை. உயிரிழப்புக்கு 2017 ஜனவரி முதல் 8 லட்சம் ரூபாய். அதற்கு மேல் அந்த வழியில் கிடைக்காது. வரம்பு இருக்கிறது, ஆனால் அது அரசிதழில்.

இந்திய ரயிலில் ஏழைப் பயணியின் தொல்லை டிக்கெட்டின் பின்பக்கம் அல்ல, டிக்கெட்டேதான். கூட்ட நெரிசலில் கதவோரம் தொங்கி விழுந்து இறந்தவரின் சட்டைப்பையில் டிக்கெட் கிடைக்காவிட்டால், அவர் முறையான பயணி அல்ல என்று ரயில்வே வாதாடும். உடலோடு டிக்கெட் சிதைந்திருக்கலாம், ரத்தத்தில் ஊறியிருக்கலாம், யாராவது பையை எடுத்துப் போயிருக்கலாம். 2018-இல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், டிக்கெட் கிடைக்கவில்லை என்பதால் மட்டும் கோரிக்கை போய்விடாது, குடும்பத்தார் உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்தால் அதன் பிறகு நிரூபிக்கும் சுமை ரயில்வேக்கு மாறும் என்றது. பொடி எழுத்தைப் பற்றிய நூறு தீர்ப்பைவிட இந்த ஒன்று சாதாரணக் குடும்பங்களுக்குப் பயன்பட்டிருக்கும்.

பெட்டி விஷயத்துக்கு வந்தால் காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. அரசுப் பேருந்தின் உள்ளே ‘உங்கள் உடைமைகளுக்கு நீங்களே பொறுப்பு’ என்று எழுதியிருப்பதற்கு ரயிலில் சட்டமே துணை நிற்கிறது: 100-ஆம் பிரிவுப்படி, முறையாகப் பதிவு செய்து ரசீது வாங்காத, பயணி கையோடு கொண்டுபோகும் சாமானுக்கு, ரயில்வே ஊழியரின் கவனக்குறைவை நிரூபித்தால்தான் பொறுப்பு. ஒதுக்கீட்டுப் பெட்டிக்குள் கண்டவரை ஏறவிட்ட டிக்கெட் பரிசோதகரால் திருட்டு நடந்தது என்று காட்டியவர்களுக்கு நுகர்வோர் ஆணையங்கள் இழப்பீடு தந்திருக்கின்றன. ஆனால் இடுப்புப் பட்டையில் கட்டிய ஒரு லட்சம் ரூபாய் திருடுபோனதற்கு ரயில்வே பொறுப்பல்ல என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. விமானத்தில் சர்வதேசப் பயணத்துக்கு மாண்ட்ரியல் ஒப்பந்தம்; 2024 டிசம்பர் இறுதி முதல் பெட்டிக்கு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணயக் கணக்கு அலகு), சுமார் 2,000 டாலர். அதிக மதிப்பை முன்கூட்டியே அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டினால் வரம்பு உயரும். கட்டுகிறவரை நான் பார்த்ததில்லை. உயிரிழப்புக்கு 1,51,880 எஸ்.டி.ஆர். வரை நிறுவனத்தின் தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தர வேண்டும். அதற்கு மேலும் கேட்கலாம். 2010 மங்களூர் விபத்தில் ஒரு குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம் 2020-இல் 7.64 கோடி ரூபாய் கணக்கிட்டது. டிக்கெட்டில் அறிவிப்பு இருந்ததா என்ற கேள்வியே அந்த ஒப்பந்தத்தில் ஒழிந்துவிட்டது. அறிவிப்பு தராவிட்டாலும் வரம்பு பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

கூரியரில் நிலை வேறு. 1996-இல் தீர்ப்பான வழக்கில், ஒரு பின்னலாடை நிறுவனம் ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேரவில்லை. கையெழுத்திட்ட சீட்டில் 100 டாலர் வரம்பு இருந்தது. உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. எதிர்ப்பக்கம் 2019-இல், டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலில் நிறுத்தக் கொடுத்த கார் திருடுபோன வழக்கில், டோக்கனில் ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று அச்சிட்டுவிட்டு ஹோட்டல் தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்றது. இரண்டுக்கும் இடையே கோடு எங்கே? வணிகர் அறிந்து கையெழுத்திட்ட தாள் ஒரு பக்கம், வாசலில் கையில் திணிக்கப்பட்ட டோக்கன் மறுபக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இன்று இணையத்தில் ‘நிபந்தனைகளை ஏற்கிறேன்’ பெட்டியைத் தட்டுவது இந்த இரண்டில் எது?

ஓரளவு விடை 2011-இல் இன்டிகோ வழக்கில் இருக்கிறது. டெல்லியில் பனிமூட்டத்தால் ஹைதராபாத் விமானம் தாமதமானது. மின்டிக்கெட் சுட்டிக்காட்டி, இணையதளத்தில் வெளியிட்டு, கவுன்டரிலும் வைத்திருந்தால் அந்த நிபந்தனைகள் பயணியைக் கட்டுப்படுத்தும் என்றது உச்ச நீதிமன்றம். 552-ஆம் பக்கம் இப்போது ஒரு இணைப்பாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 6 பென்ஸ் மட்டும் மிச்சம். ஆனால் டெல்லி நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் என்ற வாசகத்தைக் காட்டி ஹைதராபாத்தின் நிரந்தர லோக் அதாலத்தைத் தடுக்க முடியவில்லை. இறுதியில் பனிமூட்டத் தாமதத்துக்கு இழப்பீடு இல்லை என்று பயணி தோற்றார் என்பது வேறு விஷயம். கார்னிவல் தம்பதிக்குக் கிடைக்காத ஒன்று அவருக்குக் கிடைத்தது: சொந்த ஊரில் முறையிடும் வழி.

கெடு மட்டும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் அசையாமல் நிற்கிறது. பெட்டி சேதமானால் ஏழு நாளுக்குள், தாமதமாக வந்தால் 21 நாளுக்குள் எழுத்தில் புகார், வழக்கு இரண்டாண்டுக்குள். இவை மாண்ட்ரியல் கணக்கு. ரயில் விபத்துக்குத் தீர்ப்பாயத்தில் ஓராண்டு. தாமதத்துக்கு நியாயமான காரணம் காட்டினால் மன்னிப்பு உண்டு. பெட்டி கிழிந்து வந்ததைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போய், பதினைந்தாம் நாள் கடிதம் எழுதுகிறவர் தோற்பார். அவரைத் தோற்கடிப்பது பொடி எழுத்தின் அளவோ இடமோ அல்ல.

மீதி இருப்பது செல்லாத வாசகங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு வந்து நாற்பது ஆண்டை நெருங்குகிறது. ‘நிர்வாகம் பொறுப்பல்ல’ இன்னும் அச்சாகிறது. அச்சிட்டதற்குத் தண்டனை ஏதும் அந்தப் பிரிவில் இல்லை. கவுன்டரில் இருப்பவர் அந்த வரியின் மேல் விரலை வைத்தால் பெரும்பாலானோர் திரும்பிப் போய்விடுகிறார்கள்; வழக்கறிஞரிடம் போகிறவர்தான் அது செல்லாது என்று அறிகிறார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தத்தை ரத்து செய்ய மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் அதிகாரம் தந்தது. மாவட்ட ஆணையத்துக்கு அதை எழுதித் தரவில்லை. 500 ரூபாய் டிக்கெட்டுக்காக மாநிலத் தலைநகருக்கு யார் போவார்கள்? பிரிட்டனில் போட்டி மற்றும் சந்தை ஆணையம், நியாயமற்ற வாசகத்தைப் பயன்படுத்துவதையே நிறுத்தும்படி நீதிமன்ற உத்தரவு கேட்கலாம். பயணி ஒருவர் விழுந்து கை ஒடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இங்கே 2020-இல் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நியாயமற்ற வணிக நடைமுறைகள் மீது தானாகவே நடவடிக்கை எடுக்கக் கூடியது. பேருந்து டிக்கெட்டுகளையும் வாகன நிறுத்த டோக்கன்களையும் ஒரு கட்டு வாங்கி மேசையில் பரப்பினால் அதற்கு வேலை ஆரம்பமாகிவிடும்.